ஆலை அணியின் கடைசி ஆட்டம்

பிள்ளைகளே, எங்கள் கரும்பு ஆலைக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது என்றால் சிரிக்கிறீர்கள். இருந்தது. ஆடுவதற்கென்றே எங்களைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். காலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை, சாயங்காலம் பந்து. என்னை எடுத்தது என் உயரத்துக்காக. பத்தாவது தேறாதவனை வேறு எதற்கு எடுப்பார்கள்? சேலம் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனால் எல்லோரையும் நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்த வருடம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. அடி விழும் என்று எங்கள் காலனியிலிருந்து யாரும் கடைவீதிக்குக்கூடப் போகவில்லை. உங்கள் அம்மா போக வேண்டாம் என்றாள். போகாவிட்டால் வேலை போய்விடும்.

ஆலை வேனில் கிளம்பினோம். சின்னசேலத்துக்கு முன்னால் மரம் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கேப்டன் மரம் போட்டவர்களின் சனம், பக்கத்து ஊர்க்காரர். அவர் முகத்தைப் பார்த்ததும் கிளையை இழுத்து வழிவிட்டார்கள். துண்டு போட்ட ஒருவர் மட்டும் ஜன்னலோரம் வந்து என்னைப் பார்த்தார்.

"இந்த நெட்டையன் எந்த ஊரு?"

ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்பதாக அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் கேப்டன், "என் மாமன் மவன்ண்ணே" என்றார்.

"உன் மாமனை எனக்குத் தெரியாதா தம்பி? மூணும் பொட்டப் புள்ளையாச்சே."

வேன் உறுமிக்கொண்டே நின்றது. துண்டுக்காரர் கதவை மெல்லத் தட்டினார். "சரி, போங்க. இதே வழியாத்தான திரும்பி வரணும்."

சேலத்தில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றோம். நிரந்தரத்துக்கு அது போதும். ஆனால் யாருக்கும் சந்தோஷம் இல்லை. "ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா, மரம் படுத்துக்கினுதான் இருக்கும்" என்றான் எங்களில் குள்ளமானவன். சிரிப்பு வரவில்லை.

அந்த ரோட்டுக்கே போகாமல், மற்றவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு கருமந்துறை வழியாக மலையேறுவது என்று முடிவானது. கேப்டன் மட்டும் வேனில் ஏறினார். தடுத்துப் பார்த்தேன்.

"மாமன் மவன்னு சொன்னது நான். நானும் போகலன்னா வூட்டாண்ட வந்து கேப்பாங்க. நீ மலை மேல போ."

வெள்ளிமலையில் சாமைக் கொல்லை ஓரமாக நின்று கீழே பார்த்தோம். சமவெளியில் அங்கங்கே புகை. எது யாருடைய ஊர் என்று தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கேப்டன் ஆலைக்கு வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். எங்களுக்கு நிரந்தரம் வந்தது. பந்து பிடிக்க முடியாதவர் என்று அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் போய்க் கேட்டோம், மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. அடுத்த அரவைப் பருவத்தில் ஆடுகளத்தில் கரும்பு வண்டிகள் நின்றன.

அவர் இப்போது பயிர் வைத்துப் பிழைக்கிறார். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லுங்கள். கையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சைக்கிள் என்றுதான் சொல்வார்.