மலைக்கு வயிறு நிரம்பவில்லை

சுவிஸ் நாட்டுச் சோலோதுர்னில் கஜலக்சுமி ரீச்சரைத் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. ஆனால் ரீச்சர் என்ற அந்தப் பட்டம் அவளுக்குச் சோறு போடவில்லை. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிப்பதுதான் உத்தியோகம். சுவிஸ் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை மத்தியானத்தோடு வீட்டுக்கு விட்டுவிடுகிற புதன்கிழமைகளில் மட்டும், வாடகைக்கு எடுத்த வகுப்பறை ஒன்றில் அவள் திரும்பவும் ரீச்சர் ஆவாள். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள், இங்கே தமிழ் படிப்பித்தாள். பிள்ளைகுட்டி இல்லை. புருசன் உருத்திரமூர்த்தி பேக்கரி வான் ஓட்டிக் கடை கடையாகப் பாண் இறக்குகிற மனுசன், விடியமுன் போனால் வந்து படுப்பதற்குத்தான் நேரம். அந்தப் புதன்கிழமை இல்லாவிட்டால் அவளுக்குக் கிழமையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவளும் எல்லாரையும் போலத்தான். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவள். அடிக்க இந்த நாட்டில் வழியில்லை, அதனால் சிவப்புப் பேனையால் அடித்தாள். பிள்ளைகள் கொப்பியைத் திருப்பி வாங்கும்போதே முகம் சுருங்கும். அவளுக்கு அது படிப்பித்ததற்கு அடையாளமாகத் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை கொஞ்சம் வெள்ளனப் போய்விட்டாள். அந்த வகுப்பறைக்குச் சொந்தக்காரியான சுவிஸ் ஆசிரியை, திருமதி ஏபி, பிள்ளைகள் எழுதியதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் பிழை. எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, ஒரு பசுவுக்கு ஐந்து கால். ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. கஜலக்சுமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை, ஏன் திருத்தவில்லை என்று கேட்டுவிட்டாள். பிழையைத் துடைத்துவிட்டால் இந்தப் பிள்ளை எந்த வழியால் யோசித்துக்கொண்டு போகிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றாள் அந்த மனுசி, மிகச் சாதாரணமாக. அன்றைக்கு வகுப்பில் நின்றபோதுதான் கஜலக்சுமிக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருசத்தில் இந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது அவளுக்குத் தமிழில் ஒரு விசயம் சொன்னதில்லை. கேட்டதற்கு மறுமொழி சொல்லும், சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். வெட்கக்கேடு, வேறு என்ன சொல்ல!

அதோடு மாறினாள். சும்மா சொல்லக்கூடாது, அரையும் குறையுமாக மாறவில்லை. சிவப்புப் பேனை குப்பைக்குள் போனது. உருத்திரமூர்த்தி ஆரிடமோ வாங்கி வந்த பழைய மடிக்கணினி வகுப்புக்கு வந்தது, கூடவே ஒரு மைக். பிள்ளைகள் குளிர்ச்சட்டை கொழுவுகிற மூலையில் கணினியை வைத்து, ஒவ்வொருவராகப் போய் விரும்பிய கதையைத் தமிழில் சொல்லுங்கோ, பிழை வந்தால் வரட்டும், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பச் சொல்லலாம் என்றாள். ஆர் பிழை விட்டாலும் ஆரும் சிரிக்கக்கூடாது. வகுப்பில் அது ஒன்றுதான் சட்டம்.

பெற்றோர் விடுவார்களா? கண்டறியாத கொம்பியூட்டர் என்றார்கள். வீட்டில் பார்க்கிற பெட்டி போதாதென்று இங்கேயும் பெட்டியோ என்றார்கள். தமிழ்ப் பள்ளியை நடத்துகிற குகநாதன் அண்ணை நல்ல மனிதர், ஆனால் அவருக்குச் சோதனையும் புள்ளியும்தான் சாமி. “தங்கச்சி, பிழையைத் திருத்தாத ரீச்சருக்கு என்னெண்டு ரீச்சர் எண்டு பேர்?” என்று கேட்டார். ஆண்டு விழாவில் வந்து பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ என்று கஜலக்சுமி சவால் விட்டாள். விட்டிருக்கக்கூடாது.

இந்த இடத்தில் நிதுர்சாவைச் சொல்லவேண்டும். பத்து வயது. தாய் பத்மினி மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. தகப்பன் பனிக்காலம் முழுக்க எங்கடின் மலைப்பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் நிற்பார், பனி கரையத்தான் வீடு வருவார். நிதுர்சா வகுப்பில் நாலு வருசம் இருந்து ஒரு தமிழ்ச் சொல்லைக் கதைத்தவள் இல்லை. தமிழில் கேட்டால் விளங்கும், மறுமொழி ஜெர்மனில் வரும். ஊமைக்கொட்டான் என்று மற்றப் பிள்ளைகள் சொல்ல, தாயும் சேர்ந்து சொல்லுவாள்.

மாசி மாதத்து ஒரு புதன்கிழமை, குளிர்ச்சட்டைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மைக்கோடு கதைத்தது. கஜலக்சுமி மறுபக்கம் திரும்பிக் கரும்பலகையைத் துடைப்பதுபோலப் பாசாங்கு பண்ணினாள். எல்லாரும் போனபிறகு பதிவைப் போட்டுக் கேட்டாள்.

“அப்பா சிவப்பு ட்ரெயினில போறார். ட்ரெயின் மலைக்குள்ள போகுது. மலை அப்பாவைச் சாப்பிட்டுது. கடிக்கேல்லை. அப்பா உள்ளுக்க நிக்கிறார். மலை கனக்கச் சாப்பிடும். அப்பா கோப்பை கழுவுறார். கழுவிக் கழுவி வைக்கிறார். மலைக்கு வயிறு நிரம்பேல்லை. நிரம்பினா ஸ்நோ போகும். அப்பா வருவார்.”

தொண்டைக்குள்ளிருந்து கரகரத்து வருகிற ஜெர்மன் ஓசையில், இடையிடையே மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லியிருந்தாள். கஜலக்சுமி அந்தச் சின்னக் கதிரையில் குந்திக்கொண்டு அழுதாள். நான் படிப்பித்து வந்த வார்த்தை ஒன்றுகூட இதற்குள் இல்லை, எல்லாம் அவளே பிடித்த வார்த்தை என்று உருத்திரமூர்த்தியிடம் சொன்னாள். அவள் அப்படிச் சந்தோசமாக இருந்து அவர் கண்டு கன காலம்.

பிறகு நிதுர்சா கதைக்குப் படமும் கீறினாள். அதைக் கணினியில் ஏற்றி, குரலோடு சேர்த்து, பங்குனியில் நடந்த ஆண்டு விழா மேடையில் பெரிய திரையில் காட்டினார்கள். விழாவில் போடட்டோ என்று ரீச்சர் கேட்டபோது அந்தப் பிள்ளை நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் ஓம் என்று தலையாட்டியது. பட்டுப் பாவாடை கட்டி முன்வரிசையில் தாயோடு இருந்தது.

முதல் வரியிலேயே பின்னால் ஆரோ கெக்கட்டம் விட்டார்கள். மலை அப்பாவைச் சாப்பிட்டது என்றபோது மண்டபம் பாதி சிரித்தது. கோப்பை கழுவுறார் என்றதும் முழு மண்டபமும் கொல்லென்று சிரித்தது. கெட்ட சனம் இல்லை அது. அந்த மண்டபத்தில் கோப்பை கழுவாத ஆம்பிளை எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தங்கள் கதையை ஒரு சின்னப் பிள்ளையின் வாயால் இப்படி மழலையில் கேட்க, சிரிக்காவிட்டால் அழவேண்டி வந்திருக்கும். அதனால் சிரித்தார்கள். கைதட்டினார்கள். சிலர் விசிலும் அடித்தார்கள். இதெல்லாம் வளர்ந்தவர்களுக்கு விளங்குகிற நியாயம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றுதான் விளங்கும். அது திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தது, பிறகு குனிந்துவிட்டது.

விழா முடிந்து கதிரை அடுக்குகிற நேரம் கஜலக்சுமி அவளைத் தேடிப் பிடித்தாள். அது அன்பால் வந்த சிரிப்பு, உன் கதை பிடித்ததால் வந்த சிரிப்பு என்று விளக்கம் சொன்னாள். நிதுர்சா பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, அவளிடம் நேரே, தமிழில் கேட்டாள். நேருக்கு நேர் அவள் கதைத்த முதல் தமிழ் அதுதான்.

“நீங்களும் சிரிச்சனீங்களோ ரீச்சர்?”

“இல்லையம்மா. நான் சிரிக்கேல்லை.”

பிள்ளையின் முகம் தெளிந்தது. கஜலக்சுமிக்கும் மனம் ஆறியது. பொய் சொல்லவேண்டும் என்று அவள் சொல்லவில்லை, சிரிக்கவில்லை என்றுதான் மெய்யாகவே நம்பினாள்.

எங்கள் ஆட்களின் விழாவுக்குக் கமரா இல்லாமல் முடியுமா? பிறந்தநாள், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, செத்தவீடு, எதுவென்றாலும் ஒருவன் தோளில் கமராவோடு நிற்பான். சில கிழமையில் டிவிடி வந்தது, வீட்டுக்கு ஒன்று. பத்மினி பெருமை தாங்காமல் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினாள். வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டினாள், பிள்ளையின் பகுதியை ஓடவிட்டு, நிற்பாட்டி, திருப்பி ஓடவிட்டு. கனடாவிலிருந்து மாமன் தொலைபேசி எடுத்தால் சுகம் கேட்பதற்கு முதல், மலைக்கு வயிறு நிரம்பிட்டுதோ பிள்ளை, ஒருக்காச் சொல்லிக் காட்டு என்பான். தமிழ்க் கடையில் அரிசி வாங்கப் போனால் கடைக்காரர் அதே பகிடி. எல்லாம் செல்லத்தில்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமோ? செல்லம் கொஞ்சியே அந்தப் பிள்ளையின் வாயை மூடிவிட்டார்கள்.

இப்படியே போக, ஒரு புதன்கிழமை நிதுர்சா மைக்கடிக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். கஜலக்சுமி பக்கத்தில் குந்தி, அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், இது எங்கள் வகுப்பு, இங்கே ஆரும் சிரிக்கமாட்டோம் என்றாள். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி ஜெர்மனில் சொன்னாள், கோபமே இல்லாத குரலில்:

“நீங்களும் சிரித்தீர்கள். டிவிடியில் இருக்கிறது.”

கஜலக்சுமி வீட்டுக்குப் போனாள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டிவிடியைப் போட்டாள். மேடை வந்தது, திரை வந்தது, பிள்ளையின் குரல் வந்தது. பிறகு கமராக்காரன் சனத்தின் பக்கம் திரும்பினான். வரிசை வரிசையாக வாய் திறந்து சிரிக்கிற முகங்கள். கரையில், தூணோடு சாய்ந்தபடி, நீலச் சீலையில் அவள். சும்மா புன்னகை இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பக்கத்தில் நிற்கிற குகநாதன் அண்ணையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். பார்த்தீங்களோ, சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு என்கிற சிரிப்பு. சவாலில் வென்ற சிரிப்பு.

அவளுக்கு ஞாபகமே இல்லை. திரும்பப் போட்டாள். உருத்திரமூர்த்தி வந்து பார்த்துவிட்டு, “நீ பிள்ளையைப் பாத்துச் சிரிக்கேல்லைத்தானே” என்றார். வாயைப் பொத்துகிற அந்தக் கையை அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கரும்பலகையில் ஒரு பிள்ளை பிழை விட்டால் வகுப்பே சிரிக்கும், ரீச்சரான அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பேனையை எறிந்துவிட்டால் போதுமென்று நினைத்திருந்தாள், எவ்வளவு பெரிய மடைத்தனம்! அழித்துவிட்டுத் திரும்பச் சொல்லலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தவள் இப்போது எந்த வீட்டுக்குப் போய் எதை அழிப்பது? சோலோதுர்னில் ஒரு தமிழ் வீடு பாக்கியில்லாமல் அவளுடைய சிரிப்பு இருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போனது.

நிதுர்சாவிடம் மன்னிப்புக் கேட்டாள், தமிழிலும் கேட்டாள், ஜெர்மனிலும் கேட்டாள். பரவாயில்லை என்றது பிள்ளை, ஜெர்மனில், வெளியாருக்குச் சொல்லுகிற மரியாதையோடு. மற்றப் பிள்ளைகளும் மெல்ல மெல்ல மைக்கை விட்டுப் போனார்கள். ஆரும் தடுக்கவில்லை, அவர்களுக்கே மனமில்லை. கோடை விடுமுறை முடிந்து வந்தபோது கணினியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். குகநாதன் அண்ணை வெற்றி கொண்டாடவில்லை. “நல்ல எண்ணந்தான் தங்கச்சி, எங்கட சனத்துக்குச் சரிவராது” என்று ஆறுதலாகத்தான் சொன்னார். சனத்துக்கு மட்டுமா என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். புதன்கிழமைகளில் போனாள், படிப்பித்தாள், வந்தாள். சலவை அறைக்கும் வகுப்பறைக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டு வந்தது.

அடுத்த வருசம் பேச்சுப் போட்டி. எங்கள் பேச்சுப் போட்டிகள் எப்படி நடக்குமென்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். பேச்சை ஒரு பெரியவர் எழுதுவார். தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்காகத் தாய் அதை ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். பிள்ளை பொருள் தெரியாமல் பாட்டுப்போலப் பாடமாக்கி, மேடையில் கையை ஆட்டிச் சொல்லும். பிழைக்குப் பிழை புள்ளி கழிப்பது நடுவர் வேலை. அந்த முறை நடுவரில் ஒருத்தி கஜலக்சுமி.

நிதுர்சா மேடையேறினாள். தாய்மொழியின் பெருமை பற்றிய பேச்சு, எழுதியவர் குகநாதன் அண்ணை. கணீரென்ற குரல். எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினாள், எங்கே கை உயரவேண்டுமோ அங்கே உயர்ந்தது. மூச்சு வாங்கவில்லை. மண்டபம் மூச்சுப் பேச்சில்லாமல் கேட்டுவிட்டு, எழும்பி நின்று கைதட்டியது. பத்மினி கண்ணைத் துடைத்தாள். கஜலக்சுமி கழிக்க ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் முழுப் புள்ளியும் போட்டாள். முதல் பரிசு.

பிறகு மண்டபத்து நடையில் நிதுர்சாவைக் கண்டாள். கையில் பரிசுக் கிண்ணம், பக்கத்தில் தாய். பேச்சில் உனக்கு எது பிடித்தது என்று கஜலக்சுமி தமிழில் கேட்டாள். பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் சிரித்துக்கொண்டு கேள்வியை ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள். போன வருசம் விளங்கிய தமிழ் இப்போது விளங்குவதும் இல்லை, அல்லது விளங்காததுபோல இருக்கப் பழகிவிட்டாள். எதைப் பற்றிய பேச்சென்று தெரியாது என்று நிதுர்சா ஜெர்மனில் சொன்னாள். பிறகு கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் பயந்தவள்போலக் கேட்டாள்:

“நான் ஒரு பிழையும் விடவில்லைத்தானே?”

“இல்லை,” என்றாள் கஜலக்சுமி. “ஒரு பிழையும் இல்லை.”

இந்த முறை அவள் சொன்னது உண்மை.