மூன்று ராத்திரி தும்மக் கூடாது

போன வாரம் பேரங்காடிக்குக் குடை வாங்கப் போனேன். குடைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கான்வாஸ் கூடாரத்தை விரித்துக் கட்டி வைத்திருந்தார்கள். கிட்டே போனதும் அந்த வாசனை! மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு நெடி. தலையை உள்ளே விட்டு நன்றாக இழுத்து மோந்துவிட்டேன். கடைப் பையன் பதறிப்போய், "ஆன்ட்டி, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று மலாயில் கேட்டான். பதினெட்டு வயது விழுந்து கிடக்கிறதப்பா என்று சொல்ல ஆசைதான். மலாயில் அது சரியாக வராது என்று குடையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருஷம். எங்கள் வீடு மலாக்காவில், காஜா பேராங்கில். நான் பள்ளியிறுதி கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அப்போதெல்லாம் நம் நாட்டு ஆசிரியர்களைப் பழக்குவதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம், கப்பல் செலவு உட்பட எல்லாம் அரசாங்கத்தினுடையது. காஜா பேராங்கே வந்து கைகுலுக்கியது. அப்பா மட்டும் கை நீட்டவில்லை.

அப்பா ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கட்டுப் போட்டவர், மீதிப் பேருக்கு மருந்து கலக்கிக் கொடுத்தவர். எனக்குச் சின்ன வயதில் இளைப்பு உண்டு. அதைச் சொல்லியே என்னை மடக்கினார். "அங்க ஐஸ் கொட்டும்மா. இங்க ரெண்டு தூறல் விழுந்தாலே நீ மூக்கை உறிஞ்சுற ஆளு." அவரிடம் போய் நோயைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியுமா? நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன். அழுதால் மூக்கு ஒழுகும். அதையும் பார்த்துவிட்டு, "இந்தா, ஆரம்பிச்சிடுச்சு" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு!

அந்த நேரத்தில்தான் நான் படித்த பள்ளியின் சாரணியர் குளிருக்குப் பேர்போன கேமரன் மலையில் மூன்று ராத்திரி கூடாரம் போடப் போவதாகச் சேதி. பெரிய பிள்ளைகளாக என்னையும் தேவியையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். தேவி பக்கத்துச் சிட்டி கம்பத்துப் பெண், பல தலைமுறையாக மலாக்காவில் இருந்து மலாய் பேசவே பழகிவிட்ட தமிழர்கள் அவர்கள். வீட்டில் சாமிக்குத் தமிழ்ப் பெயர், சண்டைக்கு மலாய். அப்பா சொன்னார்: "போய்ட்டு வா. ஒரு தும்மல் இல்லாம திரும்பி வந்தீன்னா இங்கிலாந்துக்கும் போ. தும்முனா, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அம்மா உடனே துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். மலாக்காவில் கம்பளிச் சட்டைக்கு எங்கே போவது? சட்டை நனைவதே வியர்வையில்தான். கடைசியில் ஒரு பேங்க்கில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்த சீக்கியரிடம் அவருடைய கோட்டை இரவல் வாங்கி வந்தார் அப்பா. போட்டால் என் கை எங்கே முடிகிறதென்று எனக்கே தெரியவில்லை. அதற்கு மேல் நான்கு போர்வை, ஒரு சீசா தைலம், ஒரு டப்பா சுக்குப் பொடி. தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது பார்த்தவர்கள், இந்தப் பெண் மலாயாவை விட்டே ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ரயிலிலிருந்து லாரிக்கு மாறி மலை ஏறியதும், லாரியிலிருந்து குதித்த தேவி, "அடோய், செஜூக்!" என்று கத்தினாள். குளிருதாம். வாயிலிருந்து புகை வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டை விரலை வாயில் வைத்து, சுருட்டுப் பிடிக்கும் கங்காணி மாதிரி ஊதிக்கொண்டே கூடாரம் அடித்தார்கள். எங்களைக் கூட்டிப் போன சீன டீச்சரும் பிறந்ததிலிருந்து மலாக்காவைத் தாண்டாதவர். ஆக, குளிரைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தர்கூட எங்களில் இல்லை.

இல்லாவிட்டால் அந்தக் காரியம் செய்திருப்போமா? கூடாரத்தின் வாயை ஊசிமுனை இடமில்லாமல் இழுத்துக் கட்டினோம். கீழே ஒரே ஒரு பாய், வீட்டில் விரிப்பது போல. இருந்த போர்வை அத்தனையும் மேலே. லாரியில் வியர்த்த சட்டையைக்கூட மாற்றாமல் அதன் மேலேயே கோட்டையும் மாட்டிக்கொண்டு நான் படுத்தேன். போர்வைக்கு நானும் தேவியும் இழுபறி. ஜெயித்தது நான்தான். "தாமாக்!" என்றாள், பேராசைக்காரி என்று அர்த்தம். திட்டிவிட்டு, சாமான் கட்டி வந்த கோணிகள் குவிந்திருந்த மூலைக்குப் போய்விட்டாள்.

நடு ராத்திரியில் விழிப்பு வந்தது. முதுகை யாரோ ஐஸ் பலகையில் வைத்து இழைக்கிறார்கள்! மேலே போர்வை மலை மாதிரி கிடக்கிறது, குளிரோ கீழேயிருந்து ஏறுகிறது. மூச்சுக் காற்றெல்லாம் கான்வாஸில் நீராகி நெற்றியில் சொட்டுகிறது. விடியும்போது தொண்டை கரகரத்தது. மூக்குக்குள் ஒரு குறுகுறுப்பு. ஐயோ, வருகிறது! மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, பிள்ளையாரையும் பிரிட்டிஷ் ராணியையும் ஒன்றாகக் கும்பிட்டேன். காது இரண்டும் அடைத்தது, தும்மல் வரவில்லை. ஆனால் இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறதே. இப்படியே படுத்தால் இங்கிலாந்து அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். வெறும் சாரோங்கைப் போர்த்திக்கொண்டு தேவி கோணிக் குவியலின் மேல் வாயைத் திறந்து தூங்குகிறாள். காலைத் தொட்டால் இட்லி மாதிரி சுடுகிறது! "ஏய், உனக்குக் குளிரலையா?" என்று உலுக்கினேன். "இல்லியே," என்று திரும்பிப் படுத்தாள். போர்வை இல்லாதவள் சூடாக இருக்கிறாள், நான்கு போர்வைக்காரி நடுங்குகிறேன். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறிய மூளைக்கு அது உறைக்க அரை மணி நேரமானது. சமாச்சாரம் மேலே இல்லை, கீழே!

அன்று பகலெல்லாம் கீழே படுக்கை போடுகிற வேலைதான். பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர் பாத்தி மூட வைத்திருந்த காய்ந்த புல்லை அள்ளிக்கொள்ளச் சொன்னார். அதைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, மேலே கோணி, அதன் மேல் பாய், அதற்கும் மேல் என் பொக்கிஷமான போர்வைகளில் இரண்டு. படுக்குமுன் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போட்டோம். கூடாரத்தின் வாயைக் கையளவு திறந்து வைத்தோம். ஆரஞ்சு ரச பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, ஆளுக்கொன்றாக வயிற்றோடு அணைத்துக்கொண்டோம். சுக்குத் தண்ணீர் வேறு. அடடா, அந்தத் தூக்கம்! அப்படி ஒரு தூக்கம் நான் என் கல்யாணத்துக்கு அப்புறம்கூடத் தூங்கியதில்லை. மூன்றாம் ராத்திரி எங்களுக்குத் திமிர் ஏறிப்போய், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுப் பாடினோம். சீன டீச்சர் வந்து அதட்டினார், அப்புறம் அவரும் புல்லில் உட்கார்ந்து பாடினார்.

ஊர் திரும்பினேன். வாசலிலேயே அப்பா தெர்மாமீட்டரோடு நின்றார். வாயில் வைத்தார், நாடி பிடித்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். நான் இழுத்தேன். "ஹச்!" என்று ஒரு தும்மல்.

தும்மியது அவர். அடுக்கடுக்காக நான்கைந்து. மூக்கெல்லாம் சிவப்பு.

அம்மா சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "நீ போன அன்னைக்கே மார்க்கெட்ல ஐஸ் கட்டி வாங்கிட்டு வந்துட்டாரும்மா. பேசின்ல போட்டு கால வெச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. எவ்ளோ குளிரும்னு பாக்குறாராம். மூணு ராத்திரியும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சுற்றிப் பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. போய்ட்டு வா," என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "இனிமே நான் என்னத்தச் சொல்லி உன்ன நிறுத்துறது?" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். மூக்கு ஒழுகியது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போனேன், படித்தேன், திரும்பி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை மேய்த்தேன். அந்தக் கல்லூரியை எப்போதோ மூடிவிட்டார்கள். எங்களைப் போலச் சிங்கப்பூரில் கப்பல் ஏறிப் படிக்கப் போகிறவர்களும் இல்லை. கேமரன் மலையில் பாதியை வெட்டிக் காய்கறித் தோட்டங்களுக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டாயிற்று, மத்தியானத்தில் அரைக்கை பனியனோடு திரிகிறார்கள். அம்மா போனாள், அப்பா போனார், தேவியும் போன வருஷம் போய்விட்டாள்.

பேரங்காடியிலிருந்து வந்ததும் மகனிடம், "நான் ஒரு தடவை கேமரன் போய் கூடாரத்துல படுத்துட்டு வரப் போறேன்டா," என்றேன். எண்பது வயதைத் தாண்டியவள் சொல்கிறேன். இளைப்பு வருமே, குளிருமே, வேண்டாமே என்று ஏதாவது சொல்வான் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவன் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "போய்ட்டு வாங்கம்மா, ஜாலியா இருக்கும்," என்றான்.

நல்ல பிள்ளைதான்.