கைரோ டொக்டரும் காலால் பிறந்த நானும்

நான் காலால் பிறந்தவள். ஊரில் எல்லாப் பிள்ளையும் தலையை நீட்டிக்கொண்டு உலகத்துக்கு வர, நான் மட்டும் காலை முதலில் வெளியே போட்டு, உம்மாவை மவுத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் வந்தேனாம். கோபம் வரும்போதெல்லாம் உம்மா அதைச் சொல்லிக்காட்டுவார். "வரக்குள்ளயே உதைச்சிக்கிட்டு வந்தவள்தானே நீ!" ஆனால் நிந்தவூரில் எங்கள் தெருவுக்கு நான் பெரிய சொத்து. காலால் பிறந்த பிள்ளை முதுகில் ஏறி மிதித்தால் நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, விட்டுவிடும் என்பதை அங்கே நம்பாத ஆள் குறைவு. அந்தக் காலில் அல்லாஹ்வின் அருள், பறக்கத், இருக்கிறதாம். அசர் தொழுகைக்குப் பிறகு யாராவது ஒருவர் நாரியைப் பிடித்துக்கொண்டு கோணிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். பாயில் குப்புறப் படுப்பார். நான் பிஸ்மி சொல்லிக்கொண்டு ஏறுவேன். நோவு போனால் எனக்கு ஐஸ்பழம். ஒன்பது வயதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. டொக்டர்மாரைக் கண்டால்கூட, நாங்களும் ஒரே தொழில்தானே என்ற மாதிரி ஒரு பார்வை பார்ப்பேன்.

வாப்பா வயலில் வெட்டு மெசின் ஓட்டுபவர். நெல் வெட்டுகிற காலத்தில் விடிய ஏறினால் மஃரிபுக்குத்தான் இறங்குவார். அந்தச் சீட்டில் குலுங்கிக் குலுங்கியே அவருடைய முள்ளந்தண்டில் ஒரு டிஸ்க் பிதுங்கிவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தது. டொக்டர் குளிசையும் இடுப்புப் பட்டியும் கொடுத்து, பாரம் தூக்கக் கூடாது, கால் விறைத்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வாப்பா குளிசையைப் போட்டார். பட்டியைக் கட்டினார். அதன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு மெசினில் ஏறிவிட்டார். சிறுபோக வெட்டுத் தொடங்கியிருந்தது. யார் சொல்லிக் கேட்கிற மனுசன் அவர்?

அன்று காலையில் நான் பள்ளிக்கூடம் போக ஆயத்தமாகி, கக்கூஸ் வாசலில் காலைப் பின்னிக்கொண்டு நின்றேன். உள்ளே வாப்பா. பைப்பைத் திறந்துவிட்டபடியே இருந்தார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. நான் கதவைத் தட்டினேன், கத்தினேன், கடைசியில் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய்வந்தேன். அப்போதுதான் வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வாப்பா, தண்ணியெல்லாம் முடிஞ்சிரிக்கும்," என்றேன்.

"போகுதில்ல மகள்," என்றார் மெதுவாக. பிறகு எனக்குப் போய் இதைச் சொன்னோமே என்று வெட்கப்பட்டவர் மாதிரி, "உம்மாட்ட ஒண்டும் செல்லாத," என்றார்.

அவர் நடப்பதை உம்மா பார்த்துவிட்டார். இடது கால் தரையில் இழுபட்டது. செருப்புக் கழன்று பின்னால் கிடந்தது, அவர் அதைக் கவனிக்காமலே போனார். "அல்லாஹ்வே, கால் போனா நாங்க எங்க போற? பாயப் போடு புள்ள. வந்து மிதி," என்றார் உம்மா. என்னைக் கேட்டால் அதை எப்போதோ செய்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் மிதிக்கிறேன், சொந்த வாப்பா குளிசை விழுங்கிக்கொண்டு திரிகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபமும் இருந்தது.

வாப்பா குப்புறப் படுத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, முதலில் அவருடைய இடது பாதத்தில் ஏறினேன். அங்கிருந்துதான் கெண்டைக்கால் வழியாக மேலே போவது என் வழக்கம். முழுப் பாரத்தையும் வைத்து நின்றேன்.

"ஏறு மகள். ஏன் சும்மா நிக்காய்?" என்றார் வாப்பா.

"ஏறிட்டன் வாப்பா."

"எங்க ஏறினாய்?"

"உங்கட காலுலதானே நிக்கன்."

வாப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். என் இரண்டு காலும் அவருடைய பாதத்தின்மேல் இருந்தன. அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. "எறங்கு," என்றார். "இண்டைக்கு மிதிக்க வேணாம்." உம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரே நம்புகிற காலை வாப்பா நம்பவில்லையே என்ற அழுகை அது.

உம்மா உடனே மாமாவுக்குப் போனில் கோல் எடுத்தார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. அறுகம்பேயில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் வேலை. வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷ் பொரித்துத் தள்ளுகிறவர் என்று எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெரிய பேர். நான்கு எழுத்து இங்கிலீஷ் தேவைப்பட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கத்திய வெப்பாங்க ராத்தா. இஞ்ச ஒரு கைரோ டொக்டர் வந்து நிக்கா. கையாலயே முள்ளந்தண்ட டக்கெண்டு சரியாக்கிருவா. நான் வேன் கொண்டு வாறன்."

உம்மா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "கெய்ரோவுல படிச்ச டொக்டராம்," என்றார் வாப்பாவிடம். எங்கள் ஊரில் கெய்ரோ என்றால் மௌலவிமார் போய் ஓதிவிட்டு வருகிற இடம். அங்கே படித்த கை தப்பாது என்று உம்மா முடிவெடுத்துவிட்டார்.

வேனில் போகும்போது மாமா தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஒருவரைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் தள்ளி, ஒரு முறுக்கு. டக். விறகு முறிகிற சத்தம். எனக்கு உடம்பு கூசிவிட்டது. இதுவா வைத்தியம்? நான் மிதித்து ஒருவரையாவது இப்படி முறித்திருக்கிறேனா?

கெஸ்ட்ஹவுஸின் பின்னறையில் ஒடுக்கமான ஒரு கட்டில் இருந்தது. முகம் வைப்பதற்கு அதில் ஓட்டை. சற்று நேரத்தில் கடலிலிருந்து வந்த ஈரத் தலையோடு, வெறுங்காலோடு, மூக்குத் தோல் உரிந்த ஒரு வெள்ளைக்காரி உள்ளே வந்தாள். காற்சட்டை முழங்காலுக்கு மேலே நின்றது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு மாமாவின் காதில் சீறினார்.

"இவவா கெய்ரோவுல ஓதினவ?"

"கெய்ரோ இல்ல ராத்தா, கைரோ! எலும்பு நெளிக்கிற படிப்பு."

"அட நாசமாப் போனவனே," என்றார் உம்மா. ஆனால் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வாப்பாவால் நிற்கவும் முடியவில்லை. எனக்கு அவள் போட்டிக்காரி. போட்டிக்காரிக்கு மரியாதை என்ன வேண்டிக் கிடக்கு? மனசுக்குள் அவள், இவள் என்றுதான் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அவருடைய பெயர் தெரிந்தால் துஆவில் சேர்த்துக்கொள்ளலாமே என்று நினைக்கிறேன். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவள் வாப்பாவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எவ்வளவு நாளாக நோவு, எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது, என்ன வேலை. மாமா அழகாகத் தமிழில் கேட்டார், வாப்பா சொன்னார், மாமா இங்கிலீஷில் சொன்னார். "கால் விறைக்குதாண்டு கேக்கா மச்சான்." "இடைக்கிடை, கொஞ்சம்," என்றார் வாப்பா. கொஞ்சமாம்! நான் ஏறி நின்றதே தெரியாத மனுசன்.

அடுத்து அவள் ஒரு கேள்வி கேட்டாள். மாமாவின் காது சிவந்தது. உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மச்சான், தண்ணி கிண்ணியெல்லாம் ஒழுங்காக் குடிக்கிறீங்களாண்டு கேக்கா."

"ஓம், குடிக்கன்," என்றார் வாப்பா.

"யெஸ், யெஸ். நோ புரொப்ளம்," என்றார் மாமா.

அவள் தலையாட்டினாள். வாப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்தாள். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவருடைய நாரியில் வைத்தாள். வேனில் கேட்ட டக் சத்தம் என் காதுக்குள் வந்துவிட்டது. வாப்பா முறியப் போகிறார் என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது இங்கிலீஷில் ஒழுங்காகத் தெரிந்தது ஒரே ஒரு வசனம். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் அது பாடம். மே ஐ கோ டு த டொய்லட், டீச்சர். அந்த வசனத்தில் வருகிற ஒரு சொல்லை வெள்ளைக்காரி கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. மாமா அதைத் தண்ணீர் ஆக்கிவிட்டார்.

"மாமா, அவ டொய்லட் எண்டுதானே கேட்டா!" என்று கத்தினேன். "வாப்பாக்குக் காலையில இருந்து போகல்லியே. பைப்பத் திறந்து வெச்சும் போகல்ல."

"வாய மூடு புள்ள," என்றார் மாமா. உம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். வெள்ளைக்காரி கையை எடுத்துவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு என் உயரத்துக்குக் குனிந்து, என்ன என்று கண்ணால் கேட்டாள்.

எனக்குப் பயம். இருந்தாலும் விடவில்லை. "வாப்பா டொய்லட் நோ," என்றேன். அவருடைய இடது காலைக் காட்டி, அதன்மேல் ஏறி நிற்கிற மாதிரி நடித்து, "நோ, நோ," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வாப்பாவின் நாரியைத் தொடவே இல்லை. பேனா மூடியால் இரண்டு உள்ளங்காலையும் வருடினாள். பெருவிரலைத் தூக்கச் சொன்னாள். வாப்பா தன் இடது பெருவிரலையே பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அது அசையவில்லை. அவள் மாமாவிடம் பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். இந்த முறை சொல் சொல்லாக, அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மச்சான்," என்றார் மாமா. "ஒண்டுக்குப் போகுதா உங்களுக்கு? இரிக்கிற இடம் விறைச்சிரிக்கா?"

வாப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓம் விறைச்சிரிக்கி, போகுதில்ல, என்றார்.

இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நாளைக்கு இல்லை, இப்போதே, என்றாள் அவள். வாப்பாவைத் தூக்க ஒரு பக்கம் தானே தோள் கொடுத்தாள். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒரு தடவகூட நெளிக்காம அனுப்புறாளே," என்று புலம்பினார். எனக்கு மட்டும், போட்டிக்காரி தோற்றுவிட்டாள் என்று ஒரு சின்ன மகிழ்ச்சி.

அது வேனில் ஏறுகிற வரைக்கும்தான். வாப்பா பின் சீட்டில் உம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். கோமாரி தாண்டியும் திருக்கோவில் தாண்டியும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. சொல்லாதே என்றதைச் சபையில் போட்டு உடைத்துவிட்டேன், அதுவும் ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால். இனி வாப்பா என்னோடு கதைக்கவே மாட்டார் என்று நினைத்து, முன் சீட்டில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். மாடுகள் நடுரோட்டில் படுத்துக்கிடந்தன. மாமா ஹோனை அமர்த்திப் பிடித்தபடி ஓடினார். உம்மா ஓதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். "ஏன் எனக்கிட்டச் செல்லல்ல நீங்க?" என்று ஒருமுறை கேட்டார். "என்னத்தப் புள்ள செல்ற?" என்றார் வாப்பா. அவ்வளவுதான் கதை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டபோது வாப்பா மறைக்கவில்லை. அன்றைக்கே ஒப்பரேசன். பிதுங்கிய டிஸ்க் நரம்புக் கற்றையையே நெரித்துவிட்டதாம், இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம், இப்போதும் உறுதி சொல்ல ஏலாது என்றாராம். அடுத்து வந்த நாட்களில் உம்மா சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்புவார். வாப்பாவுக்கு டியூப் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றிய பிறகு தானாகப் போகவேண்டும், கால் அசையவேண்டும். வீட்டில் எல்லாருடைய துஆவும் இந்த இரண்டிலேயே நின்றது.

ஒருநாள் காலையில் உம்மாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து மாமா. உம்மா கேட்டார், கேட்டபடியே வாசலுக்கு ஓடினார். "அல்ஹம்துலில்லாஹ்! போயிட்டாம்! மூத்திரம் நல்லாப் போயிட்டாம்!" மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு ஒவ்வொரு சொந்தமாகக் கோல் எடுத்து அதையே சொன்னார். அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்தால் மிளகாய் தேய்ப்பேன் என்ற அதே உம்மா! பெரியவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வாப்பா வீட்டுக்கு வந்து சில கிழமைகள் கழித்து, கதிரையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். அதுவரைக்கும் நான் அவர் கண்ணில் படாமல்தான் திரிந்தேன்.

"இஞ்ச வா மகள். ஏறி மிதி."

"நாரியிலயா வாப்பா?"

"நாரியில ஏறினா உம்மா ரெண்டு பேரையும் கொல்லுவா. காலுல ஏறு. அண்டைக்கு ஏறின காலுல."

கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, இடது பாதத்தில் ஏறினேன். முழுப் பாரத்தையும் வைத்தேன்.

"ஆ!" என்றார் வாப்பா.

நான் குதித்து இறங்கிவிட்டேன். "நோகுதா வாப்பா?"

"நோகுது மகள். யா அல்லாஹ், நல்லா நோகுது." அவர் சிரித்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. "இன்னொருக்கா மிதி."

நான் மிதிக்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். நான் மிதித்தால் நோவு போகத்தான் வேண்டும், நோவு வந்த சரித்திரமே இல்லை. "உம்மா, நான் மிதிச்சி வாப்பாக்கு நோகுதாம். என்ட காலுல இருந்த பறக்கத் போயிட்டு உம்மா!" என்று விம்மினேன். உம்மா திருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். என்னுடைய கால் கெட்டுப்போனதற்குத்தான் உம்மாவும் அழுகிறார் என்று நினைத்தேன்.