அண்ணியும் நானும் எழுதிய நீட்

முதல் முறை நீட் எழுதி இடம் கிடைக்காத பெண்ணைப் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எல்லோரும் நலம் விசாரிப்பார்கள். பால் வாங்கப் போனால் பால்காரர், கோயிலுக்குப் போனால் செருப்புப் பார்த்துக்கொள்ளும் அம்மா. "இன்னாம்மா, மறுபடியும் எழுதறியா?" என்று கேட்காத வாய் கிடையாது. நானும் மறுபடியும்தான் எழுதினேன். முதல் வருடம் டவுனில் கோச்சிங் போனது ஒத்துவரவில்லை என்பதால் இரண்டாம் வருடம் வீட்டிலேயே படிப்பது என்று முடிவு. அந்த வருடம்தான் அண்ணனுக்குக் கல்யாணமும் ஆனது.

அண்ணி தவளக்குப்பத்துப் பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வந்த புதிதில் அதிகம் பேச மாட்டார். காலை வேலை முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவார். நான் எதிரில் உட்கார்ந்து வினா வங்கியைச் சத்தமாகப் படிப்பேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும்.

ஒருநாள் இன்சுலின் எங்கே சுரக்கிறது என்ற கேள்வியைப் படித்தேன். நான்கு விடைகளையும் வாசித்து முடிக்கவில்லை, பீன்ஸைக் கிள்ளிக்கொண்டே அண்ணி, "கணையம்" என்றார்.

"இன்னாது?"

"கணையம். அதுல லாங்கர்ஹான் திட்டு இருக்கும். அங்க."

நான் இங்கிலீஷ் மீடியம். கணையம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. புத்தகத்தைப் புரட்டிப் படத்தைக் காட்டினேன். அண்ணி எட்டிப் பார்த்து, "இதாம்மா. நீங்க பேன்கிரியாஸ்னு சொல்றீங்க, நாங்க கணையம்னு சொல்றோம்" என்று சிரித்தார். அடுத்த கேள்வியைப் படித்தேன். அதற்கும் சொன்னார். பீன்ஸ் முடிவதற்குள் ஒரு பாடமே முடிந்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அண்ணி அவர்கள் பள்ளியிலேயே உயிரியலில் முதல் மதிப்பெண். மேலே படிக்க ஆசை இருந்தது. ஆனால் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு தங்கைகள். நல்ல வரன் வந்தது, கட்டிக் கொடுத்துவிட்டார்கள். "அந்த நல்ல வரன் நாந்தான்" என்று அண்ணன் காலரைத் தூக்கிக்கொண்டான். புதுச்சேரியிலேயே, மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஏன், நீயும் எழுதேன்?" என்றான்.

அண்ணி பதறிப்போய் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா இருந்தார்.

"கல்யாணம் ஆனவங்கள எழுத உடுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் அண்ணி.

"விடுவாங்க அண்ணி. வயசு வரம்பே கெடையாது" என்றேன்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"ரெண்டு பேரும் படிக்க உக்காந்துட்டா ஊட்டு வேலய யாரு பாக்கறது?" என்று கேட்டார். அண்ணி எழுந்து நின்றுவிட்டார். அம்மா கரண்டியை நீட்டினார், அண்ணியிடம் அல்ல, அண்ணனிடம். "எழுதச் சொன்னவன் நீதான? இந்தா, சாம்பார கிண்டு."

அண்ணனின் முதல் சாம்பாரில் புளி கொட்டிக் கிடந்தது. அப்பா மட்டும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வாசல் காவல் வேலை பார்க்கிறார். வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் பிரெஞ்சு வணக்கமாகப் பொன்ழூர் சொல்லிச் சொல்லி, எதையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் படிப்பு ஒரு பண்டமாற்று மாதிரி நடந்தது. உயிரியலில் அண்ணி எனக்கு, இயற்பியலில் நான் அண்ணிக்கு. அண்ணிக்கு இயற்பியல் என்றால் முகமே வாடிவிடும். திருப்பு விசை அவருக்குப் பிடிபடவேயில்லை. சூத்திரத்தை மூன்று விதமாக எழுதிக் காட்டியும் பயனில்லாமல், கடைசியில் அவரைக் கூடத்துக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். அண்ணனைக் கூப்பிட்டு, கதவின் பிடிப் பக்கத்தில் ஒரே ஒரு விரலை வைத்துத் தடுக்கச் சொன்னேன். அண்ணியைக் கீல் ஓரத்தில் தள்ளச் சொன்னேன்.

அண்ணி இரண்டு கையாலும் தள்ளினார். கதவு அசையவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி தள்ளினார். அண்ணன் விரலை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான்.

"இப்ப எடம் மாத்திக்குங்க" என்றேன்.

அண்ணி பிடிப் பக்கம் வந்து லேசாகத்தான் தள்ளினார். கீலோரம் கையை வைத்திருந்த அண்ணன் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான்.

"புரிஞ்சிடுச்சு!" என்று அண்ணி கை தட்டினார். "தூரந்தான் விசயமே!"

"இது தெரிஞ்சவ கூட எப்பிடிடா குடும்பம் நடத்தறது" என்று அண்ணன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், நானே ஒரு கணக்கைப் போட்டு முடித்தபோதுகூட இருந்ததில்லை.

தேர்வு நாளன்று நல்ல வெயில். எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளியில் மையம் விழுந்திருந்தது. குடும்பமே கிளம்பி வந்தது. வளையல், தோடு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி அண்ணன் சட்டைப்பையில் போட்டோம். தாலி இருக்கலாம் என்றார்கள். மெட்டியைக் கழற்றச் சொன்னார் சோதனை செய்த பெண். அண்ணிக்கு வெயிலில் விரல் வீங்கி, மெட்டி இறங்க மறுத்தது. அண்ணன் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தான். அம்மா நடைபாதையில் உட்கார்ந்து, மருமகளின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஷாம்புவைத் தடவித் திருகினார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "புருசன் எதுர்லயே மெட்டிய கழட்டறதா? நல்லாவா இருக்குது?" என்றார்.

"டாக்டராயிட்டு வந்து போட்டுக்குவா" என்றார் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நீங்க உங்க புள்ளயோட ஹால் டிக்கெட்டு இருக்குதான்னு பாருங்க."

அந்தப் பெண்மணி உண்மையிலேயே கைப்பையைத் திறந்து பார்த்தார். மெட்டி கழன்றது. அண்ணி ஒரு கால் நுரையோடு தேர்வு எழுதப் போனார்.

முடிவு வந்தது. அண்ணிக்கு நல்ல மதிப்பெண். எனக்கு இந்த முறையும் எட்டவில்லை. மாடிக்குப் போய் அழுதேன். அண்ணி பின்னாலேயே வந்து என்னைவிட அதிகமாக அழுதார். "நான் சேரல பாப்பா. உனக்குக் கெடைக்காம எனக்கு எதுக்கு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களக் கதவத் தள்ள வெச்சது எதுக்கு அண்ணி? நீங்க சேரலன்னா நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் வீண்தான?"

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு என் மதிப்பெண்ணைக் கைபேசியில் மறுபடி பார்த்தார். "இயற்பியல்ல என்னவிட உனக்குத்தான் ஜாஸ்தி. அதையே படிக்க வேண்டியதுதான?" என்றார். இரண்டு வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே, இதுதான் நம் இடம் என்று மனசு லேசாகிவிட்டது. அண்ணிக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்தது. பல் மருத்துவத்தில் முதல் வருடம் மெழுகில் பல் செதுக்கிப் பழக வேண்டுமாம். வீடு முழுக்க மெழுகுப் பல். ஜன்னல் விளிம்பில் கடைவாய்ப் பல், தொலைக்காட்சி மேல் கோரைப் பல். அண்ணன் ஒருமுறை கோரைப் பல் ஒன்றின் மேல் உட்கார்ந்து அலறினான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி டார்ச்சை எடுத்துக்கொண்டு எல்லோர் வாயையும் பார்க்கிறார். வெற்றிலை போடுகிற அப்பா மட்டும், டார்ச்சைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுகிறார். ஞாயிறு அவருக்கு விடுமுறை.