ஒரு சாவுக் காட்சிக்கு வந்த கூட்டம்

சொந்தமாகப் படம் எடுக்கிறவர்களுக்குக் கேமராகூட இரவல் கிடைத்துவிடும், கூட்டம்தான் கிடைக்காது. இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அல்லாடுகிறவர்களே, என் முதல் படத்துக்குக் கூட்டம் சேர்ந்த கதையைக் கேளுங்கள்.

தவில்காரர் விரல்

கட்டட வரைபட வேலையை விட்டுவிட்டு, வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் ஒரு கல்யாணம். கெட்டிமேளத்தில் தவில்காரரின் விரல்கள் பறந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த டைரக்டர் விழித்துக்கொண்டார். கேமராவை அங்கே திருப்பியவள் திருப்பியவள்தான். வீடியோவைப் பார்த்த மாப்பிள்ளை கோபப்படவில்லை. அமைதியாகக் கேட்டார்: "சிஸ்டர், நான் தாலி கட்டினது அந்தத் தவில் அண்ணனுக்கா?"

பிணம் தேவை

என் படத்தில் அப்பா செத்துப்போவதுதான் உச்சக்காட்சி. நெற்றியில் காசு வைத்து, வாயைக் கட்டிப் படுக்க வேண்டும் என்றதும் நடிகர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சுங்கை வேயில் இருக்கும் மணியம் அங்கிள், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அவர் மட்டும் ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் அவர் மனைவியிடம் பயந்துகொண்டேதான் அனுமதி கேட்டேன். ஆன்டி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "வீட்ல சோபாவுல நாள் பூரா அப்படித்தானேமா கெடக்குறாரு. கூட்டிட்டுப் போ லா."

கிள்ளானில் கூடாரம்

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், நண்பனின் வரிசை வீட்டு வாசலில் கூடாரம் போட்டு அங்கிளைக் கிடத்தினோம். அழ வருகிறோம் என்ற நண்பர்கள் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான். கூட்டம் இல்லையென்றால் படம் அத்தோடு சரி.

அப்போது அக்கம்பக்கத்தார் கூடாரத்தைப் பார்த்துவிட்டு, நிஜச் சாவு என்று நம்பி, செருப்பைக் கழற்றிவிட்டு வர ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் வெளிநாட்டுச் சொந்தங்களுக்காகச் சாவு வீட்டையும் நேரலையில் காட்டுகிறார்களே, அதனால் எங்கள் கேமராவை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் கேமராவை நிறுத்தவில்லை. எதிர்வீட்டு ராஜம்மா அக்கா நிஜமாகவே அழுதார். துக்க வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் பிணம் எழுந்து உட்கார்ந்து, வாய்க்கட்டை இறக்கிவிட்டுத் தேத்தண்ணி கேட்டது.

நாற்காலிகள் சரிந்தன. நான் கைகூப்பி எல்லாவற்றையும் சொல்லி, இதைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றேன். திட்டுவார்கள் என்று பார்த்தால் சிரித்துவிட்டார்கள். ராஜம்மா அக்கா மட்டும் திரும்பி உள்ளே வந்தார்: "சாவு வீடுன்னு சொல்லாம போனேன். இங்கதான் யாரும் சாகலியே, அப்ப சொல்லிட்டே போறேன். போயிட்டு வரேன்."

மதியக் காட்சி

தியேட்டரில் கிடைத்தது வேலைநாள் மதியக் காட்சி. ஆள் வராவிட்டால் மறுநாளே தூக்கிவிடுவார்கள். விளக்கு அணையப்போகிறது, நாற்காலிகள் காலி. கதவு திறந்தது. ராஜம்மா அக்கா, அவர் பின்னால் அந்தத் தாமானே குழந்தை குட்டிகளோடு வந்தது. சாவுக் காட்சியில் தங்களைப் பார்த்து ஒரே விசில். திரையில் செத்துக்கிடந்த மணியம் அங்கிள், முன்வரிசையில் எழுந்து கும்பிடு போட்டார். சந்தோஷம் தாங்காமல் நான் அழுதேன்.

படம் மறுநாளும் ஓடியது. முதல் நாள் காட்சி முடிந்து வெளியே வந்தபோதே அக்காவிடம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தேன். "நல்லாத்தான் இருக்கு. அடுத்த படத்துல யாரு சாவுறாங்கன்னு முன்னமே சொல்லிடுமா, நல்ல சேலையா கட்டிட்டு வரேன்."

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது சுத்தமான காதல் கதைதான், ஆனால் அக்காவுக்காக அதிலும் ஒருவரைச் சாகடித்தாக வேண்டியிருக்கிறது.