பெயர் தெரியாத செடி பூத்தபோது

ஏரிக்கரை ஊரான தோணிரேவுக்கு மருமகளாக வந்த இரண்டாம் வருடம் அந்தச் செடியை வாங்கினேன். பொன்னேரியில் துணிக்கடை வேலை முடிந்து வரும்போது, தள்ளுவண்டிக்காரரிடம். பெயர் கேட்டதற்கு, "வூட்டுக்குள்ள வெச்சா லக்கு வரும்மா" என்றார். இலையே கிடையாது. விரல் தடிமனில், நாலு பட்டையாகத் தண்டுகள், தொட்டால் வெல்வெட் போல மெத்தென்று இருந்தன. கைபேசியில் படம் போட்டுத் தேடினால் ஒருமுறை கற்றாழை என்றது, மறுமுறை சப்பாத்திக்கள்ளி என்றது. படுக்கையறை ஜன்னலில், திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

மழை விட்ட ஒரு நாள் நாற்றம் தொடங்கியது. எலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டிகளை எல்லாம் நகர்த்தினேன். பினாயில் ஊற்றினேன்.

கடைசியில் என் சந்தேகம் மாமியார்மேல் போனது. அவர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர். உண்மையைச் சொன்னால், கல்யாணமான நாளிலிருந்தே அவர் கைகளைப் பார்த்து உள்ளுக்குள் முகம் சுளித்திருக்கிறேன்.

"அத்தே, எறா கூடையை உள்ள கொண்டாராதீங்க. செத்த நாத்தம் அடிக்குது."

"இன்னாமா சொல்ற? கூடை வெளியதான கீது" என்றவர், தன் கைகளை முகர்ந்து பார்த்தார். அன்று சாயங்காலம் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்தார். தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நாற்றம் குறையவில்லை. மூன்றாம் நாள் திரைக்குப் பின்னால் ஈக்கள் மொய்க்கும் சத்தம். விலக்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு நட்சத்திரப் பூ. வெளிறிய சதை நிறம், அதில் ரத்தக்கோடுகள், ஓரமெல்லாம் மயிர். நடுக்குழியில் புழுக்கள் நெளிந்தன. குனிந்து மூக்கை வைத்துவிட்டேன். கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

படத்தைக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் காட்டூர் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எங்க ஊர்ப் பக்கம் கள்ளிமுளையான்னு ஒண்ணு கீது, துவையல் அரைப்போம். அதோட சாதி இது. வெளிநாட்டுது, ஸ்டபீலியான்னு பேரு. பூ பொணம் மாதிரி நாறும். ஈ வரணும்னுதான் அப்டி நாறுது. ஏமாந்த ஈ அதுலயே முட்டை வுட்டுப்புடும்."

அத்தை வந்து பார்த்தார். "சீ, இதெல்லாம் ஒரு பூவு" என்று வெறுங்கையால் கிள்ளி, காகிதத்தில் சுருட்டி, கொல்லையில் புதைத்தார்.

"தப்பா சொல்லிட்டேன் அத்தே" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டே, "அப்ப உள்ள குந்தி துன்னலாமா?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அனுமதி கேட்டார். புழுவைப் பார்த்தபோது வந்த குமட்டலைவிட அதிகமாக, என்மேலேயே அருவருப்பு வந்தது. செடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன். "உள்ளயே உக்காந்து சாப்பிடுங்க அத்தே" என்றேன். ஆனாலும் அத்தை அந்த வாரம் முழுவதும் தட்டோடு வாசலுக்குத்தான் போனார்.