கடல் நத்தைக்கு உப்பு போட்ட யமுனா

பாசி படிந்த பாறையில் கால் வைத்ததும் ஜில்லென்று வழுக்கியது... மகாபலிபுரத்துக் கடலோரம், காலை வெயில், உதடெல்லாம் உப்புக்காற்று. ஆம்பூர்க்காரி நான் கடலைப் பார்த்ததே பேத்தி எடுத்த வயதில்தான்!

என் பேத்தி கலா ஹைஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கடலுக்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்தணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"வயசுப் பொண்ணுங்களை அவ்ளோ தூரமா? உங்க ஆயாவும் கூட வந்தா அனுப்புறோம்" என்றார்கள் பெற்றவர்கள்.

அப்படித்தான் அஞ்சாவது மட்டும் படித்த நானும் பஸ் ஏறினேன்.

பாறைமேல் கயிற்றால் சதுரம் போட்டு, அதற்குள் இருக்கும் நத்தை, நண்டு, பாசி எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். நத்தைகளைத் தட்டில் எடுத்து அளந்தார்கள்.

"அளந்ததும் எடுத்த இடத்துலயே உசுரோட விடணும். செத்துச்சுன்னா அடுத்த வருஷம் யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன்" என்று கலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால்... யமுனாவின் தட்டு வெள்ளை வெளேர்! மாங்காய்க்கு நான் கொண்டுபோன உப்பு முழுசும் நத்தைமேல்.

"இன்னாடி இது?" என்றாள் கலா.

"கெட்டுப்போயிடும்னு, மிஸ்... எங்கப்பா தோல் வந்தா மொதல்ல உப்புதான் போடுவாரு."

அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கினால் உப்புதான் அதற்குக் காவல்.

"நத்தைத் தோல்ல ஷூ தைக்கப் போறியாடி?" என்று தோழிகள் சிரித்தார்கள். யமுனா அழுதேவிட்டாள்.

கலா திட்டவில்லை. "அது செத்த தோலு. இது உசுரோட இருக்குடி" என்று உப்பைக் கழுவி, தட்டில் கடல் தண்ணி ஊற்றினாள்.

நத்தைகள் வாயை இறுக மூடிக்கிடந்தன. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் நான் கூப்பிட்டேன்.

ஒன்று மெதுவாக மூடியைத் திறந்தது. அப்புறம் நூல் மாதிரி இரண்டு கொம்பு...

"மிஸ், நவுருது!"

யமுனா கத்திய கத்தலில் வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக எல்லாமே நகர்ந்தன. அவளே பொறுக்கிப் பாறையில் விட்டாள்.

அதன்பிறகு வருஷா வருஷம் நான்தான் பிள்ளைகளுக்குத் துணை போனேன். இப்போ யமுனா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். எனக்கு முட்டி வலி. இந்த வருஷம் லீவு போட்டு, பிள்ளைகளுக்குத் துணையாக அவள்தான் போனாள். "ஆயா வரலையா?" என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. நல்லதுதானே!

புளிசோறு கட்டிக் கொடுத்துக் கை காட்டினேன். பஸ் மாதனூர் பக்கம் போய் மறைந்ததும்... எனக்கு மட்டும் ஸ்கூல் லீவு விட்ட மாதிரி, அன்றைக்குப் பொழுதே போகவில்லை.